கயிறு பாத்ரூமுக்குள்ள போகுது

(அண்ணன் கையில டேப்பு, தம்பி கையில கயிறு. ஒரே மனை, 60க்கு 100 அடி. ரெண்டாக்கணும், அவ்ளோதான் விஷயம், காலைல ஆரம்பிச்சது.)

தம்பி: இதுக்குப் போய் என்னண்ணே யோசனை, அகலம் 60, ஆளுக்கு 30, நடுவுல கயித்தைக் கட்டுனா முடிஞ்சு போச்சு.

அண்ணன்: கட்டு பாப்போம். கட்டிட்டியா? எங்க போகுது?

தம்பி: பாத்ரூம் ஜன்னல் வழியா உள்ள போகுது.

அண்ணன்: அப்ப கதவு உன் பாகம், குழாய் என் பாகம். உள்ள போயி உக்காந்துட்டு தண்ணிக்கு எனக்கு போன் போடுவியா?

தம்பி: சரி விடு, குறுக்க பிரிச்சுக்கலாம். முன்பக்கம் வீட்டோட உனக்கு, பின்பக்கம் காலி இடம் எனக்கு.

அண்ணன்: ரோட்டுக்கு எப்படி வருவ, பறந்தா? இடது பக்கமா 12 அடி பாதை விடணும்டா. மீதி 48 அடி அகலம் எனக்கு, ஆளுக்கு 3000 சதுர அடி வரணும்னா நான் 62.5 அடி வரைக்கும் உள்ள வருவேன். சமம்தானே?

தம்பி: சமம்தான். (போன்ல கணக்கு போடுறான்) இருண்ணே, 12 பெருக்கல் 62.5, 750 வருது! என் 3000ல 750 வெறும் நடக்கறதுக்கா? மீதி 2250தான் இடமா? நான் என்ன நடந்துக்கிட்டே தூங்கறதா?

அண்ணன்: அப்ப பாதை என் பேர்ல இருக்கட்டும், நீ போய்வர உரிமைய மட்டும் எழுதிக்கலாம்.

தம்பி: நீ அதுல காரை நிறுத்திட்டு ஊருக்குப் போயிருவ.

அண்ணன்: அதுக்குத்தான்டா பத்திரத்துல எழுதறது, வாய்ச்சொல்லு நமக்குள்ள செல்லும், நாளைக்கு இடத்தை வாங்கறவன்கிட்ட செல்லுமா? கரண்டு, தண்ணி பைப்பு, சாக்கடை எல்லாம் உனக்கு அந்த 12 அடிக்குள்ளதான் வரணும், அதையும் சேத்து எழுதணும்.

தம்பி: எழுதிட்டா இன்னிக்கே வேலி போட்டுறலாமா?

அண்ணன்: அவசரப்படாத. ஒரு மனை குறைஞ்சது எவ்ளோ இருக்கணும், பாதை எவ்ளோ அகலம் வேணும்னு உள்ளாட்சி ஆபீஸ்ல முதல்ல கேக்கணும், அதுக்குக் கீழ போனா பிளான் பாஸாகாது. வீட்டு சுவத்துக்கும் புது எல்லைக்கும் நடுவுல இவ்ளோ விடணும்னும் ஒரு கணக்கு இருக்கும். அப்புறம் இடத்து மேல கடன் இருந்தா பேங்க் சம்மதிக்கணும், ஹுக்கும்...

தம்பி: என்னண்ணே இருமற?

அண்ணன்: இருக்கு.

தம்பி: இருமலா?

அண்ணன்: கடன். சின்னதுதான். நீயும் கையெழுத்து போட்டியே.

தம்பி: ஏதோ போன் கனெக்‌ஷனுக்குன்னு சொன்ன!

அண்ணன்: படிச்சுப் பாத்துருக்கணும்ல.

(மதியம் சர்வேயர் வந்தாரு. கருவிய ஸ்டாண்டுல வச்சாரு, ரெண்டு தடவை பாத்தாரு, பழைய எல்லைக்கல்லை தோண்டச் சொன்னாரு, பேசவே இல்ல. சர்வேயர் பேசலைன்னாலே வயித்தைக் கலக்கும்.)

தம்பி: அண்ணே, நம்ம அகலம் 59தானாம். காம்பவுண்டு சுவரு பக்கத்து இடத்துக்குள்ள ஒரு அடி நிக்குதாம்.

அண்ணன்: எந்தப் பக்கம்?

தம்பி: இடது பக்கம். பாதை.

அண்ணன்: அடடா. சரிப்பா, நீ இவ்ளோ ஆசையா கேட்டல்ல, பாதைய உன் பேர்லயே எழுதிருவோம், சுவரோட.

தம்பி: வேணாம்ணே. நான் பறந்தே வந்துக்கறேன்.