மலைப் பிள்ளைகளுக்குப் பந்து வராதாம்

ஞாயிற்றுக்கிழமை கால்பந்துப் பரிசளிப்பு விழாவில் நடந்ததைத் திரும்ப விவரிக்கப் போவதில்லை. குன்னூர்க்காரர்கள் எல்லோருக்கும் அந்த ஒன்றரை நிமிட வீடியோ வந்திருக்கும். எனக்கே நாலு குரூப்பில் வந்துவிட்டது, அதில் இரண்டில் கைதட்டும் பொம்மையோடு. சிறப்பு விருந்தினராகப் பேசியவர் யார் என்று எழுத மாட்டேன். வயதில் மூத்தவர், ஊருக்கு நல்லதும் சில செய்தவர். ஆனால் அவர் சொன்னது மூன்று நாளாக என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"கால்பந்து நமக்கு ஆகாத ஆட்டம். ஆசிய விளையாட்டுப் போட்டியிலே என்னைக்காவது ஜெயிச்சிருக்கோமா? அதுவும் சரிவிலே பிறந்து வளர்ந்த மலைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் வரும், பந்து வராது. பேசாம அத்லெடிக்ஸ் பக்கம் போங்க."

அவர் இதைச் சொன்னபோது எதிரே பதினாறு பெண் பிள்ளைகள் முழங்கால் வரை சேறோடு உட்கார்ந்திருந்தார்கள். என் அண்ணன் மகளும் அதில் ஒருத்தி. கூட்டம் கைதட்டியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் தட்டினேன். மேடையில் பெரியவர் பேசி நிறுத்தினால் கை தானாகத் தட்டிவிடுகிறது, அப்படிப் பழகிவிட்டோம். ரெண்டாவது தட்டில்தான் அவர் என்ன சொன்னார் என்பதே மண்டையில் ஏறியது.

ஜெயித்திருக்கிறோம் ஐயா. இரண்டு முறை.

முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி 1951-ல் டெல்லியில் நடந்தது. கால்பந்து இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று அடித்தோம். கோல் போட்டவர் மேவாலால், கேப்டன் சைலேன் மன்னா. அந்தப் போட்டியில் ஓர் ஆட்டம் எண்பதே நிமிடம். இந்தோனேசியாவுக்கு மூன்று, ஆப்கானிஸ்தானுக்கு மூன்று, ஈரானுக்கு ஒன்று என ஏழு கோல் போட்டு, ஒன்றுகூட வாங்காமல் தங்கம் வாங்கினோம்.

அடுத்தது 1962, ஜகார்த்தா. இதை எழுதும்போதே எனக்குக் குரல் உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா உள்ளே விடவில்லை. அது தப்பு என்று நம் நாட்டு விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி பேசியதால் ஜகார்த்தா கூட்டத்துக்கு நம் மேல் கடுங்கோபம். இறுதி ஆட்டத்தில் அரங்கம் முழுக்க நமக்கு எதிராக ஊளை. முதல் சுற்றில் நம்மை 2-0 என்று தோற்கடித்திருந்த தென் கொரியாதான் எதிரணி. தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். பயிற்சியாளர் ரஹீம் சாகிப் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை, முன்வரிசைக்கு அனுப்பினார். பி.கே. பானர்ஜி ஒன்று, அந்தத் தையல் போட்ட தலைக்காரர் ஒன்று. 2-1. தங்கம். அப்போதே ரஹீமுக்குப் புற்றுநோய். அடுத்த வருடம் போய்விட்டார்.

சரி, அந்த இறுதி ஆட்டத்தில் நம் கோல் வலைக்கு முன்னால் நின்றது யார்? பீட்டர் தங்கராஜ். செகந்திராபாத்தில் ஆடத் தொடங்கி, 1953-ல் ராணுவத்தில் சேர்ந்து எங்கே வந்து ஆடினார் தெரியுமா? எம்.ஆர்.சி.யில். மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர், வெலிங்டன். ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து பஸ் ஏறினால் டிக்கெட் கிழிப்பதற்குள் இறங்க வேண்டிய வெலிங்டன்! அந்த எம்.ஆர்.சி. அணி 1955-லும் 1958-லும் நாட்டின் பழம்பெரும் கால்பந்துப் போட்டியான டியூராண்ட் கோப்பையை ஜெயித்தது. மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ், ரோம் ஒலிம்பிக்ஸ், ஜகார்த்தா தங்கம், 1967-ல் அர்ஜுனா விருது என்று போன மனிதர் பந்து பிடித்துப் பழகிய மலை இது. இந்த மலைக்குத்தான் பந்து வராதாம்.

இங்கே கொஞ்சம் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா வளர்ந்தது வெலிங்டன் பஜார் பக்கம். 1955-ல் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் ராணுவ மைதானத்து வேலி ஓரம் போய் நிற்பாராம். பந்து வேலி தாண்டிச் சரிவில் உருண்டால் ஓடிப்போய் எடுத்து எறிவது இவரும் இன்னும் நாலைந்து பையன்களும். சம்பளம் கிடையாது, சில நாள் லங்கரிலிருந்து, அதாவது ராணுவச் சமையற்கூடத்திலிருந்து, ஒரு பூரி கிடைக்கும். தங்கராஜ் பந்து பிடிப்பதைப் பற்றி அப்பா சொல்வது ஒரே ஒரு வரிதான்: "சாயங்காலம் புறா கூட்டுக்குப் போற மாதிரி பந்து அவர் கைக்குப் போகும்." இதை எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, அவர் படுக்கையில் விழும் வரை, குறைந்தது ஐந்நூறு தடவை கேட்டிருப்பேன். ஜகார்த்தா செய்தி வந்தபோது தங்கராஜ் கொல்கத்தா கிளப்புக்குப் போய்விட்டிருந்தார். இருந்தாலும் அப்பா டீக்கடையில் பேப்பரை விரித்து, "இவருக்கு நான் பந்து எடுத்துப் போட்டிருக்கேன்" என்று எல்லோருக்கும் காட்டினாராம். கடைக்காரர் நம்பவில்லை. காசு கொடுத்துத்தான் டீ குடித்தார்.

இப்போது வருவார்கள், தெரியும். "அக்கா, 1951-ல் மொத்தமே ஆறு நாடு. தென் கொரியா அப்போது போரில் கிடந்தது. அதுவும் ஒரு தங்கமா?" சரி தம்பி, ஒப்புக்கொள்கிறேன். ஆறு நாடுதான். ஆனால் 1962-ல் தென் கொரியாவும் இருந்தது, ஜப்பானும் இருந்தது. இரண்டையுமே அடித்தோம். அதற்கு என்ன சொல்வாய்?

"அதெல்லாம் பழங்கதை, அப்புறம் என்ன கிழித்தோம்" என்று அடுத்தவர். 1970 பாங்காக்கில் ஜப்பானை அடித்து வெண்கலம். அதற்குப் பிறகு ஆசியப் போட்டியில் ஆண்கள் கால்பந்துக்குப் பதக்கமே இல்லை, உண்மைதான். மறைக்கவில்லை. ஆனால் ஏன் இல்லை என்று யாராவது கேட்டீர்களா? 2018-ல் ஆசியத் தரவரிசையில் முதல் எட்டுக்குள் இல்லை என்று சொல்லி அணியை அனுப்பவே இல்லை. 2023-ல் ஹாங்சோ போட்டிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று கடைசிவரை இழுத்தார்கள். பயிற்சியாளர் பிரதமருக்கே பகிரங்கமாக வேண்டுகோள் வைக்க வேண்டியிருந்தது. கிளப்புகள் ஆட்களை விட மாட்டோம் என்றன. கிடைத்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய், இறங்கி ஒரு நாள்கூட முழுதாக ஆகாமல் சீனாவோடு ஆடவிட்டார்கள். 5-1 என்று தோற்றோம். தோற்றதும் என்ன சொன்னோம்? "நமக்குக் கால்பந்து வராது." பிள்ளைக்குச் சோறு போடாமல் பந்திக்கு அனுப்பிவிட்டு, "பாரு, இதுக்குச் சாப்பிடவே தெரியலை" என்று சொல்வது மாதிரி. அப்படியும் அதே பிள்ளைகள் வங்கதேசத்தை ஜெயித்து, மியான்மரோடு சமன் செய்து, அடுத்த சுற்றுக்குப் போனார்கள். அது வாட்ஸ்ஆப்பில் வரவில்லை.

அப்புறம் அந்த "சரிவு" விஷயம். இதுதான் எனக்கு மிகவும் சுட்டது. மலையில் பிறந்தால் பந்து வராது என்றால் நேபாளம் என்ன கடற்கரையா? தெற்காசிய விளையாட்டுப் போட்டி 1984-ல் முதன்முதலில் காத்மாண்டுவில் நடந்தபோது கால்பந்துத் தங்கம் யாருக்கு? நேபாளத்துக்கு. அப்புறம் 1993, 2016, 2019. மொத்தம் நாலு. 2016-ல் குவாஹாட்டியில், நம் மண்ணில், நம்மையே 2-1 என்று அடித்து வாங்கினார்கள். 2019 இறுதி ஆட்டம் இன்னும் வேடிக்கை. நேபாளமும் பூட்டானும். இரண்டுமே மலை நாடு! இரண்டு மலை நாடுகள் இறுதிக்கு வந்திருக்கின்றன, இங்கே ஒருவர் மைக் பிடித்து மலைக்குப் பந்து வராது என்கிறார். "காத்மாண்டு பள்ளத்தாக்கு, அங்கே சமதரை உண்டு" என்று யாராவது பூகோளம் எடுக்க வந்தால், ஐயா, சமதரை இங்கேயும் உண்டு. அதில் என்ன கட்டியிருக்கிறோம், எதற்கு வாடகைக்கு விடுகிறோம் என்று போய்ப் பாருங்கள்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று நேற்று ஒரு தோழி போன் செய்து அரை மணி நேரம் விளக்கினாள். இருக்கலாம். நல்ல எண்ணத்தில் சொன்னவர்களைத்தான் நான் வாழ்க்கை முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

1995 டிசம்பரில் சென்னையில் தெற்காசியப் போட்டி நடந்தது. அப்போது அது மெட்ராஸ், போட்டியின் பெயர் சாஃப் கேம்ஸ். எனக்குப் பதினாலு வயது. வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி, மழை பெய்தால் படம் போய்விடும். கால்பந்து இறுதியில் வங்கதேசத்தை 1-0 என்று ஜெயித்தோம். அப்பாவும் நானும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அம்மா விளக்கோடு வந்துவிட்டார். அன்று இரவு நான் அப்பாவிடம் கேட்டேன், "பொம்பளைப் புள்ளைங்க மேட்ச் என்னைக்குப்பா?" அப்பா பதில் சொல்லவில்லை. அப்படி ஒரு மேட்சே இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஆசியப் போட்டியில் 1990-லேயே பெண்கள் கால்பந்து வந்துவிட்டது. தெற்காசியப் போட்டியில் வர 2010 ஆனது. அதற்குள் எனக்கு இருபத்தொன்பது வயது, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.

நான் லெப்ட் பேக், அதாவது இடது பக்கத் தற்காப்பு ஆடுவேன். நன்றாகவே ஆடுவேன், தன்னடக்கமெல்லாம் நாற்பது வயதோடு போய்விட்டது. பத்தாவது படிக்கும்போது என்னையும் இன்னும் மூன்று பேரையும் ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவைத்து, "நல்லதுக்குத்தான் சொல்றேன், அடி பட்டா நாளைக்கு யாரு கட்டிக்குவான், ஓடுங்க, தாண்டுங்க, பந்து வேண்டாம்" என்றார்கள். எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்பது இப்போது வேண்டாம். அந்த வார்த்தைகளும் ஞாயிற்றுக்கிழமை வார்த்தைகளும் ஒன்றுதான் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன் போலிருக்கிறது. எழுத ஆரம்பித்தபோது எனக்கே இது தெரியவில்லை.

தெற்காசியப் போட்டியில் 2010-ல் ஆரம்பித்த பெண்கள் கால்பந்தில் இந்தியா என்ன செய்தது என்று தெரியுமா? 2010 டாக்கா, நேபாளத்தை 3-1. 2016-ல் 4-0. 2019-ல் நேபாளத்துக்கே போய், பொக்காராவில், அவர்கள் ஊர்க் கூட்டத்துக்கு நடுவே 2-0. மூன்று முறை நடந்தது, மூன்றும் தங்கம். ஜெயித்திருக்கிறோம் ஐயா! "ஜெயிச்சிருக்கோமா" என்று நீங்கள் கேட்டபோது எதிரே உட்கார்ந்திருந்த பதினாறு பேரைப் போன்ற பெண்கள்தான் ஜெயித்தார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-ல் தேசிய சாம்பியன்ஷிப் இறுதியில் மணிப்பூரையே அடித்துக் கோப்பை வாங்கியது. கடலூர்க் கால்பந்து வீராங்கனை இந்துமதி கதிரேசனின் பெயராவது கேள்விப்பட்டிருப்பீர்களா?

"பெண்கள் ஆட்டத்தை யாருங்க பார்க்கிறாங்க" என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. அடுத்தவருக்குப் போகலாம்.

அடுத்தவர் விழாக் குழுவைச் சேர்ந்தவர். "மைதானம் ஒன்றுதான், பையன்களுக்கும் வேண்டும், நாங்கள் என்ன செய்வது, அதனால்தான் பெண்களுக்கு இருபது நிமிஷ ஆட்டம் வைத்தோம்" என்கிறார். பையன்களின் ஆட்டத்துக்கு மட்டும் முழு நேரம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால் சிரிக்கிறார். 1978 பாங்காக் ஆசியப் போட்டி இறுதியில் வட கொரியாவும் தென் கொரியாவும் 0-0. இரண்டுக்கும் தங்கம், ஒரே மேடை. ஜென்மப் பகை நாடுகள் இரண்டு ஒரு தங்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. நம் ஊரில் ஒரு மைதானத்தை ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் பங்கு போட முடியவில்லை.

விழாவில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடையும், வர்க்கிப் பாக்கெட்டும், தேயிலைத்தூள் டப்பாவும் கொடுத்தோம். ஜெயித்த பெண்கள் அணிக்கு ஆளுக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்தைப் பற்றிக் குறை இல்லை, தினமும் புழங்குகிற சாமான். வண்டியில் திரும்பும்போது என் அண்ணன் மகள் அந்தக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அத்தை, அவர் சொன்னது நிஜமா? நாம ஜெயிச்சதே இல்லையா?" என்றாள். நான் தங்கராஜில் ஆரம்பித்தேன். காட்டேரி வளைவு தாண்டும்போது தூங்கிவிட்டாள். அப்பாவின் கதைக்கு நானும் இப்படித்தான் தூங்குவேன்.

விழாக் குழுவிடம் இரண்டு நாளாகப் பேசியதில் ஒன்று கிடைத்திருக்கிறது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறரையிலிருந்து எட்டு வரை மைதானம் பெண் பிள்ளைகளுக்கு. எட்டு அடித்தால் காலி செய்ய வேண்டும். ஆறரைக்கு அங்கே பனிமூட்டம் எப்படி இருக்கும் என்று குன்னூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கற்பூர மரக் கம்பு நட்ட கோல் போஸ்ட்டே கண்ணுக்குத் தெரியாது, வெள்ளைப் பந்து எங்கே தெரியும்? அதனால் நேற்று ஆரஞ்சுக் கலரில் ஒன்று வாங்கிவிட்டேன். கிழக்குப் பக்கம் வேலி பிய்ந்து கிடக்கிறது, பந்து நேரே தேயிலைக்குள் உருண்டுவிடும். எடுத்துப் போட ஆள் வேண்டும். சிறப்பு விருந்தினர் ஐயாவும் வரலாம். பூரி என் பொறுப்பு.