ப்ரோபயாடிக் சாஷே வாங்கிக்கொண்டு என்ஐசியு வாசலுக்குப் போகாதீர்கள்

"ஒடிசாவில் கண்டுபிடிச்சாச்சு, பிறந்த குழந்தைக்கு ப்ரோபயாடிக் கொடுத்தா தொற்று 40 சதவீதம் குறையும்" என்று ஒரு பார்வர்டு மும்பையில் செம்பூர், தாராவி பக்கம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ப்ரோபயாடிக் என்பது குடலுக்கு நல்லது என்று கொடுக்கும் உயிருள்ள பாக்டீரியா. செய்தி பொய்யில்லை. 2017இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு. 4,500க்கும் மேற்பட்ட குழந்தைகள். செப்சிஸ் என்னும் கடுமையான தொற்று வந்தவர்களும் இறந்தவர்களும் சேர்த்து 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தார்கள். ஆனால் அதில் சேர்த்ததெல்லாம் 35 வாரமாவது நிரம்பி, 2 கிலோவுக்குக் குறையாமல் பிறந்த குழந்தைகளை. டியூபில் பால் இறங்கும் ஒரு கிலோ குழந்தை அந்த ஆய்வில் கிடையாது.

என் தங்கை மகளுக்கு ஏழாம் மாதமே பிரசவமானதும் திருநெல்வேலியிலிருந்து பெரியப்பா போன்: "டாக்டர் மறந்திருப்பார், நீங்களே வாங்கிக் கொடுத்திருங்க." மருமகன் உடனே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடினார். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியு வாசலில் மலையாளி சிஸ்டர் டப்பாவைத் திருப்பிப் படித்தார். "இது பெரியவங்க வயித்துக்கு" என்று மருமகன் கையிலேயே திணித்துவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார். எனக்கு அந்தச் சிஸ்டரை ரொம்பப் பிடித்துப்போனது.

ப்ரோபயாடிக் என்று ஒரே மருந்து கிடையாது. எந்த பாக்டீரியா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் மூன்று வகையைக் கலந்து கொடுத்தார்கள். குறைமாதக் குழந்தைகளின் குடலை அழிக்கும் என்ஈசி நோய் 4.4 சதவீதத்திலிருந்து 2 ஆனது. ரத்தத்தில் தொற்று மட்டும் சொல்லும்படி குறையவில்லை. பிரிட்டனில் 1,300 குழந்தைகளிடம் ஒரே வகையைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். என்ஈசி, ரத்தத் தொற்று இரண்டிலுமே பலனில்லை.

அப்புறம், இது உயிருள்ள கிருமி. 2023இல் அமெரிக்காவில் ப்ரோபயாடிக் கொடுத்த ஒரு குறைமாதக் குழந்தை, அதே பாக்டீரியா ரத்தத்தில் பரவி இறந்தது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, டாக்டர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. இங்கே கடையில் கிடைப்பதில் பல, மருந்து உரிமம்கூட இல்லாமல் உணவுப்பொருள் உரிமத்தில் விற்பவை.

அதற்காக வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 32 வாரத்துக்குமுன் பிறந்து தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குப் பரிசீலிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2022இல் சொன்னது. அதை முடிவு செய்ய வேண்டியது குழந்தையைப் பார்க்கும் டாக்டர். எந்த வகை, எதற்காக, எத்தனை நாள் என்று அவரிடம் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கடைச் சாஷேயை நீட்டிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

குடும்பம் மெனக்கெட வேண்டிய இடம் தாய்ப்பால். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989இல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியது, தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சயான் ஆஸ்பத்திரியில்தான். நம் வீடுகளிலோ மூன்றாம் நாளே "பால் ஊறலையே, பவுடர் கொடுத்துடலாமா" என்று பிள்ளை பெற்றவளையே நச்சரிக்கிறோம். அவள் இரண்டு மூன்று மணிக்கொரு தரம் பால் பீய்ச்ச வேண்டும், ராத்திரியிலும். பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தர் பம்பைக் கழுவிக் கொடுங்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு போடுங்கள். பால் பத்தவில்லை என்றால், வங்கிப் பால் கிடைக்குமா என்று பவுடருக்கு முன்னாடி விசாரியுங்கள்.