'டொரியடோர்' பிசே உருவாக்கிய சொல் இல்லை

ஸ்பெயின் காளைப்போர் பற்றிய பதிவுகளில் ஒரு கதை சுற்றுகிறது: காளைப்போர் வீரரைக் குறிக்கும் 'டொரியடோர்' ஸ்பானியச் சொல்லே அல்லவாம், அதே பொருள் தரும் 'டொரேரோ'வில் பாட்டுக்கு அசை போதாததால் பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசே தன் 'கார்மென்' ஓபெராவுக்காக உருவாக்கினாராம், ஆங்கிலம் அங்கிருந்துதான் எடுத்ததாம்.

தவறு. 'கார்மென்' அரங்கேறியது 1875இல், பாரிஸில். ஸ்பானிய அகாடமியின் முதல் அகராதியின் கடைசித் தொகுதி 1739இல் வந்தது; இந்தச் சொல் அதிலேயே இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. பிசே செய்ததெல்லாம் பாட்டால் அதைப் பிரபலமாக்கியதுதான்.

கதையில் பாதி உண்மை உண்டு, அதனால்தான் எடுபடுகிறது. இன்றைய ஸ்பெயினில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பழைய வழக்கில் டொரியடோர் பெரும்பாலும் குதிரைமேல் வந்த பிரபு. 18ஆம் நூற்றாண்டில் தரையில் நின்று மோதுபவர்கள் மேலெழுந்தார்கள், 'டொரேரோ' நிலைத்தது. இன்று குதிரைக்காரருக்குப் பெயர் 'ரெஹோனெயடோர்'.

இன்னொரு குழப்பம் 'மட்டடோர்'. களத்தில் இறங்கும் எல்லாருக்கும் அந்தப் பெயர் இல்லை. 'கொல்பவர்' என்று பொருள். வாளை இறக்குபவர் மட்டுமே. அவர் குழுவில் குதிரைமேல் ஈட்டியோடு 2 பிகடோர்கள், முள்முனைக் குச்சிகளைக் காளையின் திமில் பக்கம் செருகும் 3 பாண்டெரியெரோக்கள். அவர்களும் டொரேரோக்கள்தான்.