ஈர்ப்பு கம்மிங்கிறது மட்டும் காரணம் இல்ல
செவ்வாய் கிரகத்துல ஈர்ப்பு விசை கம்மி, அதனாலதான் நாசா அங்க அனுப்புன இன்ஜெனுயிட்டிங்கிற குட்டி ஹெலிகாப்டர் பறந்துச்சுன்னு இந்தக் கட்டுரைல ஒரே வரில முடிச்சிட்டாங்க, கணக்கு உதைக்குதே. ஈர்ப்பு இங்க இருக்கறதுல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல, ஆனா காத்தோட அடர்த்தி நூத்துல ஒரு பங்கு அளவுதான், அப்ப மிச்சத்தை ஈடு கட்டுனது யாரு? றெக்கைதான். மொத்தமே 1.8 கிலோ, அதுக்கு முனைக்கு முனை 1.2 மீட்டர்ல ரெண்டு ஜோடி றெக்கை, எதிரெதிரா நிமிஷத்துக்கு 2,400 சுத்துக்கு மேல. இன்னும் வேகமா சுத்த விடலாமேன்னா அதுவும் முடியாது, அங்க ஒலியோட வேகமே நொடிக்கு 240 மீட்டர் பக்கம்தான், றெக்கை நுனி அதை நெருங்கினா காத்து பின்னால இழுக்கற இழுவை எகிறிடும். மேல கமெண்ட்ல ஒருத்தர் இது பறந்ததெல்லாம் வெறும் கிராஃபிக்ஸ்னு எழுதியிருக்கார், சந்தேகப்படறது தப்பில்ல, நாசாக்காரங்களே சந்தேகப்பட்டுதான் செவ்வாய் மாதிரியே இருக்கணும்னு இங்க ஒரு பெரிய அறைல காத்தை உறிஞ்சி கார்பன் டை ஆக்ஸைடு நிரப்பி, எடையைக் குறைக்க மேலேருந்து கயித்தால இழுத்துப் பிடிச்சு ஓட்டிப் பாத்தாங்க. ஆனா கிராஃபிக்ஸ் பண்றவன் 2021ல முதல் தடவை வெறும் 3 மீட்டர் ஏத்தி 39 நொடில எறக்குவானா சார்? அஞ்சு தடவை பறந்தா போதும்னு அனுப்புனது 72 தடவை பறந்துச்சு, 2024 ஜனவரில பாத்து வழி கண்டுபிடிக்க தரைல அடையாளமே இல்லாத மணல்மேட்டுல தடுமாறி றெக்கை ஒடஞ்ச பிறகுதான் நின்னுச்சு.