இலவசமாகக் கிடைத்ததை ஏன் காசுக்கு விற்கிறேன்?

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு ஒன்றில், கூடம் நிறைய உறவினர்கள் அமர்ந்திருந்தபோது, பெரியப்பா ஒருவர் என்னிடம் கேட்டார்: “குப்பைத் தொட்டி ஓரத்தில் சும்மா கிடப்பதை எடுத்துவந்து விற்கிறாயாமே, அது நியாயமாப்பா?” அவர் குரலில் கோபம் இல்லை. என் சம்பளம் போதவில்லையோ என்ற கவலையும், நம் குடும்பத்துப் பிள்ளை குப்பை பொறுக்குகிறானே என்ற கூச்சமும் கலந்திருந்தன. அன்று முறுக்கைக் கடித்தபடி சிரித்துச் சமாளித்துவிட்டேன். சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கப் போகும்போது எங்கள் கட்டடத்துக் குப்பை அறைப் பக்கம் கண்ணை ஓட்டுவது ஆறு ஆண்டுகளாக என் வழக்கம். சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரண்டு வாரமும், நம்மவர்கள் தீபாவளிக்கு வீடு கழுவும் நாள்களும், மாதக் கடைசியில் வாடகைக்காரர்கள் வீடு மாறும் நாள்களும்தான் எனக்கு அறுவடைக் காலம்.

அதிகமாகக் கிடைப்பது நின்றபடி சுழலும் மின்விசிறி. “ஓடவில்லை” என்று தூக்கிப் போடப்பட்டவற்றில் பாதிக்கு மேல், மின்சாரம் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினால் மெதுவாகச் சுற்றத் தொடங்கிவிடும். அப்படிச் சுற்றினால் மோட்டார் பிழைத்திருக்கிறது, அதைச் சுழலத் தொடங்கவைக்கும் கெப்பாசிட்டர்தான் களைத்துப்போயிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியின் விலை சில ரிங்கிட்தான். ஆனால் அதை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. கூண்டைக் கழற்றி, பல வருட எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரில் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். தண்டைச் சுற்றிய முடியையும் நூலையும் பிடுங்கிவிட்டு எண்ணெய் விட வேண்டும். மின்கம்பி எங்காவது வெடித்திருக்கிறதா, பிளக்கில் சரியான ஃபியூஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இரவு முழுவதும் ஓடவிட்டு, மோட்டார் அளவுக்கு மீறிச் சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு அதை 35 ரிங்கிட்டுக்கு விற்கிறேன். கெப்பாசிட்டர், சோப்பு, பெட்ரோல் போக மிஞ்சுவதை மூன்று மணி நேர உழைப்புக்கு வகுத்துப் பார்த்தால், பெரியப்பா பயந்த அளவுக்கு நான் கொள்ளை அடிக்கவில்லை என்பது புரியும்.

இலவசமாகக் கிடைத்தது ஒரு பழுதுபட்ட பொருள். நான் விற்பது ஓடுகிற மின்விசிறி. இரண்டும் ஒன்றல்ல. அதே விசிறியைப் பழைய பேப்பர் லோரிக்காரரிடம் இரும்பு எடைக்குப் போட்டிருந்தால் யாரும் என்னை நியாயம் கேட்டிருக்க மாட்டார்கள். எடைக்குப் போடுவது கௌரவம், சரிசெய்து விற்பது கேவலம் என்ற கணக்கு எனக்கு விளங்கவில்லை. பெரியப்பாவும் தம் காலத்தில் கிழிந்த சட்டைக்குக் காலர் திருப்பித் தைத்துப் போட்டவர்தான். கூச்சம் பொருளைப் பற்றியதல்ல, அதை எடுக்கும் இடத்தைப் பற்றியது என்றே நினைக்கிறேன்.

குப்பையைக் குறைத்து உலகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. இந்தத் தீவின் குப்பை பத்து மாவுங்கில் உள்ள, குப்பையை இடம் மாற்றி ஏற்றி அனுப்பும் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பெருநிலத்தில் இருக்கும் பூலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குச் சேர்கிறது. 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்துப் பல நாள் புகைந்தபோது மூச்சுத்திணறியவர்கள், குப்பையை அனுப்பிய நாங்கள் அல்ல, அதன் அருகில் குடியிருந்தவர்கள். அந்தச் செய்திதான் என்னை இந்த வேலையில் இன்னும் ஊன்றவைத்தது. ஆனாலும் நம் வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு உணவுக் கழிவு. மாதம் நான்கு விசிறியும் இரண்டு நாற்காலியும் நான் மீட்பதால் அந்த மேடு ஓர் அங்குலம்கூடத் தாழ்ந்திருக்காது. எனக்கு லாபம், வாங்குபவருக்குச் சிக்கனம், குப்பை லோரிக்குக் கொஞ்சம் சுமை குறைவு. இந்த வரிசையில் சொல்வதுதான் நேர்மை.

தொடாத பொருள்களும் உண்டு. அட்டைப் பெட்டியையும் அலுமினிய டின்னையும் எடுக்க மாட்டேன். எங்கள் கட்டடத்தில் அவற்றைச் சேர்த்து விற்றே அரிசி வாங்கும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார், அது அவருடைய பங்கு. மெத்தையும் துணி சோபாவும் வேண்டவே வேண்டாம். ஒருமுறை பார்க்கப் புதிதாய் இருந்த சோபா ஒன்றை ஆசைப்பட்டு வீட்டுக்குள் கொண்டுவந்து, அதிலிருந்த மூட்டைப்பூச்சியை ஒழிக்க நான் செலவழித்த பணத்தில் புது சோபாவே வாங்கியிருக்கலாம்; என் மனைவி அதை இன்றுவரை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தையும் குழந்தைக்கான கார் இருக்கையையும் விற்க மாட்டேன். அவை முன்பே ஒரு விபத்தில் அடிபட்டவையா என்பதை வெளித்தோற்றத்தில் கண்டுபிடிக்க முடியாது. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அதுபோன்ற மின்கழிவு, நம் நாட்டுச் சுற்றுச்சூழல் விதிகளில் எஸ்டபிள்யூ110 என்ற குறியீட்டின் கீழ் அட்டவணைக் கழிவாக, அதாவது தனி விதிப்படி கையாள வேண்டிய அபாயக் கழிவாக வரும் சரக்கு. அதை உடைத்துப் பார்ப்பது என் வேலை அல்ல. மரத்தடியில் வைத்துவிட்டுப் போன சாமி படங்களின் சட்டம் எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் கை நீளாது. அதற்குக் காரணம் கேட்காதீர்கள்.

இன்னொரு பாடம் அவமானப்பட்டுக் கற்றது. ஒரு வீட்டு வாசலுக்கு வெளியே தனியாக நின்ற மர நாற்காலியைத் தூக்கிக் காரில் ஏற்றிவிட்டேன். வார்னிஷ் காயட்டும் என்று அந்த வீட்டு அம்மா வெளியே வைத்திருந்தார். மறுநாள் கைரேகை பதிந்த நாற்காலியோடு போய் மன்னிப்புக் கேட்டேன். குப்பை அறையில் இல்லாத எதையும் அன்றிலிருந்து கேட்காமல் எடுப்பதில்லை.

மரச்சாமான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பது வருடத்துக்கு முந்திய கோப்பிக்கடை நாற்காலியைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம், பசை வைத்து இறுக்கலாம், இன்னொரு தலைமுறைக்கு விற்கலாம். இன்றைய மரத்தூள் பலகை அலமாரி ஒரு மழையில் நனைந்தால் ஊதிவிடுகிறது. திருகாணியும் அதில் மறுபடி பிடிப்பதில்லை. மீட்கக்கூடிய பொருள் குப்பையில் வருடத்துக்கு வருடம் குறைந்து வருவதை என் கைகள் உணர்கின்றன.

விற்கும்போது, இது குப்பை அறையில் கிடைத்தது, இன்ன பழுது இருந்தது, இன்னது மாற்றினேன் என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுகிறேன். சிலர் விலகிப் போகிறார்கள், போகட்டும். லோரோங் கூலிட் பழஞ்சந்தையில் காலையில் நின்று பேரம் பேசுபவர்களுக்கு, பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் எப்போதும் உண்டு. திருட்டுச் சாமான் என்ற பேச்சு பழஞ்சந்தைகளை விட்டு அகலுவதில்லை. பழைய பொருள் வணிகத்துக்கென்று 1946-ஆம் ஆண்டிலேயே இங்கே ஒரு சட்டம் வந்ததற்கும் அந்தச் சந்தேகம் ஒரு காரணமாக இருந்திருக்கும். இதைச் சிறு வருமானமாக அல்லாமல் தொழிலாகவே செய்ய நினைப்பவர்கள் உரிமத்தைப் பற்றி முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூரில் இருக்கும் என் தம்பிக்கு ஒரு வசதி. அங்கே 2011 முதல் திடக்கழிவுச் சட்டம் நடப்பில் இருப்பதால், தரை வீடுகளில் மறுசுழற்சிப் பொருளுக்கும் பெரிய சாமானுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள்; எந்தத் தெருவில் எந்த நாள் என்று அவனுக்குத் தெரியும். பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்காததால் இங்கே குப்பை மாநகர் மன்றத்தின் பொறுப்பு. நான் என் கண்ணை நம்பித்தான் நடக்கிறேன்.

என் அண்டை வீட்டாரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். விசிறியையோ சோற்றுப் பானையையோ கழிக்கும்போது, தயவுசெய்து மின்கம்பியை வெட்டிவிடாதீர்கள். பலர் ஏனோ அதைக் கட்டாயச் சடங்குபோல் செய்கிறார்கள். அலமாரியின் திருகாணிகளை ஒரு பையில் போட்டு அதன் கைப்பிடியிலேயே கட்டிவிடுங்கள். மழை படாத மூலையில் வையுங்கள். “ஓடும், சத்தம் வரும்” என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டினால் எனக்கு ஒரு மணி நேரம் மிச்சம். பெரியப்பா வீட்டு மாவு அரைக்கும் இயந்திரம் மூன்று மாதமாக ஓடாமல் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கப் போகிறேன், அதற்கு மட்டும் காசு வாங்க மாட்டேன்.