கண்டம் தாண்டும் புகையும் காலையில் நம் வீட்டுக்குள் வரும் புகையும்

போன வாரம் எங்கள் நகர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய அந்த சாட்டிலைட் படத்தை உங்களில் பாதிப்பேர் பார்த்திருப்பீர்கள். வட அமெரிக்காவின் மேல் பழுப்பாகப் புகை நீண்டு கிடக்கும். கீழே, 'இந்தப் புகைதான் இப்போது வேலூருக்கு வந்துள்ளது, முகக்கவசம் அணியவும்' என்று ஒரு வரி. படத்தின் ஓரத்திலேயே 2023 ஜூன் என்று தேதி இருக்கிறது, பாருங்கள் என்றேன். சில நாட்களாக நம் கண்ணைக் கரிப்பது நமக்குப் பின்னால் இருக்கிற மலை எரிந்த புகை என்றும் சொன்னேன். 'டீச்சருக்கு மேப் தெரியும், காற்றுக்கு மேப் தெரியுமா?' என்று பதில் வந்தது. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். சிரித்தவர்களில் என்னிடம் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பியவர்களும் உண்டு.

குழுவில் அதற்கு மேல் நான் பேசவில்லை. இங்கே பேசுகிறேன்.

புகை கண்டம் தாண்டும். அதை நான் மறுக்கவேயில்லை. 2023-இல் கனடாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் அளவுக்குக் காடு எரிந்தது. கியூபெக் பக்கத்துப் புகை தெற்கே இறங்கி, ஜூன் 7-ஆம் தேதி நியூயார்க்கில் பட்டப்பகலில் வானம் ஆரஞ்சு நிறமானது. அதே மாதத்தில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி நார்வேக்கும், மாதக் கடைசியில் போர்ச்சுகலுக்கும் ஸ்பெயினுக்கும் புகை போய்ச் சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்துக்கு மேலேயே நிற்கும் செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கிறது. அவற்றை வரிசையாக ஓட்டினால் புகை நகர்வது அப்படியே தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-5பி என்ற செயற்கைக்கோள் புகையோடு போகும் கார்பன் மோனாக்சைடை அளக்கிறது. எவ்வளவு பெரிய வேலை! ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு நான் உட்கார்ந்து பார்ப்பது இதைத்தான், மதிப்போடுதான் பார்க்கிறேன். அதனால்தான் ஒரு பழைய படத்தை எடுத்து இப்படிப் பயன்படுத்தும்போது கோபம் வருகிறது.

அந்தக் குழுவில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி, புகை எந்த உயரத்தில் போகிறது என்பது. மேலே இருந்து எடுத்த படத்தில் தரையில் கிடக்கும் புகையும் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் போகும் புகையும் ஒரே மாதிரி பழுப்புதான். ஆஸ்திரேலியாவில் 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் எரிந்த காட்டுத் தீயின் புகை இடிமேகம் போல் எழும்பி, ஒரு பகுதி 30 கிலோமீட்டருக்கும் மேலே போனது. அத்தனை உயரம் போனதால்தான் தென் அமெரிக்காவையும் தாண்டி உலகத்தைச் சுற்றியது. அந்த உயரத்தை அளந்ததில் கலிப்சோ என்ற செயற்கைக்கோளின் லேசருக்குப் பெரிய பங்கு உண்டு. வெறும் படம் மட்டும் இருந்தால் உயரம் தெரியாது. உயரம் தெரியாமல், அந்தப் புகையை நாம் மூச்சில் இழுக்கிறோமா என்று சொல்ல முடியாது.

அப்புறம் காற்று. கனடா இருக்கிற அட்சரேகையில் மேற்கிலிருந்து கிழக்கே காற்று ஓடுகிறது, அதனால் அங்கே எழும் புகை கிழக்கே ஐரோப்பாவை நோக்கிப் போகிறது. நாம் இருப்பது 13 டிகிரிக்குப் பக்கத்தில். ஏப்ரலில் நம் தலைக்கு மேல் தாழ்வாக வீசுவது பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் காற்று. தூரத்துப் புகைதான் வேண்டும் என்றால், மார்ச், ஏப்ரலில் ஒடிசா, சத்தீஸ்கர், ஆந்திரக் காடுகளில் தீ எரியும் இடங்களாகச் செயற்கைக்கோள் மேப்பில் கொத்துக் கொத்தாகத் தெரியும் தீப்புள்ளிகளைப் பாருங்கள். கனடா எதற்கு?

நம் மலைப் புகை எப்படிப்பட்டது தெரியுமா? காய்ந்த புல்லும் சருகும் எரிகிற தீ. அதற்குப் புகையை வானத்துக்கு ஏற்றும் பலம் கிடையாது. ராத்திரி தரை குளிர்ந்ததும் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கும், கூடவே புகையும் இறங்கும். மேலே வெப்பக் காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளிக்க வருகிறவர்களின் தொண்டையில் அது ஏறும். ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் கலைந்துவிடும். தீப்புள்ளி காட்டும் விர்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவி நம் மேல் கடப்பது பகல் ஒன்றரை மணி வாக்கில், பிறகு நள்ளிரவுக்கு மேல் ஒன்றரை வாக்கில். சாயங்காலம் பற்றி ராத்திரி பத்துக்குள் அணைந்த புல் தீ அதன் கண்ணிலேயே படாமல் போகலாம். காலைப் புகையும் பகல் படத்தில் இருக்காது. படத்தில் இல்லை என்பதற்காக நம் நெஞ்சில் இல்லை என்று ஆகிவிடுமா?

போன கோடையில் என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இழுப்பு வந்தது. கூடத்தில் உட்கார்ந்தபடி, படுக்கவும் முடியாமல், பேசவும் முடியாமல். நெபுலைசர் வைத்த டாக்டர் முதலில் கேட்டது, 'வீட்டுக்கிட்ட எதையாவது எரிக்கிறாங்களாம்மா?' என்றுதான். அன்று மலையிலும் தீ, தெருமுனையில் குப்பையிலும் தீ. குழுவில் போட்டேன். ஒருவர் கட்டைவிரல் பொம்மை போட்டார், அவ்வளவுதான். இப்போது கனடா என்றதும் ஒரே நாளில் எத்தனை கவலை!

'ஒரு விழிப்புணர்வுக்காகத்தானே போட்டோம், இதில் என்ன தப்பு?' என்று கேட்பவர்களுக்கு: தப்பு இருக்கிறது. தூரத்துப் புகை என்று சொன்ன நிமிடமே பக்கத்துப் புகைக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது. குப்பைக்குத் தீ வைத்தவரும் கனடாவைக் கைகாட்டுவார்.

'விவசாயியைக் குறை சொல்கிறாய்' என்று ஒரு தம்பி தனியாக எழுதியிருந்தான். கரும்புச் சோகை எரிப்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. என் அப்பாவே கரும்பு போட்டவர். ஆள் கூலி என்னவென்று எனக்குத் தெரியும். அது வேறு பேச்சு, அதை இங்கே இழுக்காதே தம்பி.

'மலையில் புல் எரிவது காலம் காலமாக நடப்பதுதானே' என்கிறார்கள். நானும் ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் வளர்ந்தவள்தான். அங்கே தீ பிடித்தால் தாத்தா காலத்து ஆட்கள் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு மேலே ஓடுவார்கள். எரியட்டும் என்று கீழே நின்று வீடியோ எடுத்தவர் யாரும் இல்லை. புல் தீ சின்னத் தீ என்று நினைப்பவர்கள் 2018 மார்ச்சில் குரங்கணியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். மலையேறப் போன பிள்ளைகள், 23 உயிர்.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. மேப் தெரியும் என்று கிண்டல் செய்தீர்களே, அந்த மேப்பை வைத்துத்தான் டேராடூனில் இருக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனம் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. பொதுமக்களும் நம்பரைப் பதிவு செய்யலாம், குறுஞ்செய்தி வரும், காசு கிடையாது. நான் பதிந்திருக்கிறேன். செய்தி வந்த அன்று வனத்துறைக்குப் போன் செய்தது நான்தான். சிரிப்பு பொம்மை போட்டவர்களில் எத்தனை பேர் செய்தீர்கள்?

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப் போகிறேன். ஜனவரிக்குள் மலையடிவாரம் முழுக்கத் தீ தாண்டாதபடி புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும், தெருவில் குப்பை எரிப்பதை நிறுத்த வேண்டும், அடிவாரப் பக்கம் காற்றின் தரத்தை அளக்கும் கருவி ஒன்று வைக்க வேண்டும். இந்த மூன்றுதான் மனுவில் இருக்கின்றன. கையெழுத்துப் போட நினைப்பவர்கள் ஞாயிறு சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வாருங்கள். குழுவில் சிரித்தவர்களும் வரலாம், கதவு திறந்துதான் இருக்கும்.