ஒரே பேனல்தானாம்!

"டிவி எதுக்கு மாமா? கம்ப்யூட்டர் மானிட்டரும் அதே பேனல்தான், அதே திரைதான். விளம்பரத் தொல்லை இல்ல, ரெண்டு வருஷத்துல ஆமை மாதிரி ஆகுற சாஃப்ட்வேரும் இல்ல." சொன்னவன் என் மச்சினன். ஐ.டி.யில் இருக்கிறவன், தெரியாமலா சொல்வான் என்று நம்பினேன். பழைய டிவி மண்டையைப் போட்ட மறுவாரமே 27 இன்ச் மானிட்டர் ஹாலுக்கு வந்துவிட்டது.

முதல் சனிக்கிழமை ராத்திரி. அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாயிற்று. இன்டர்நெட்டில் படம் காட்டுகிற ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகினேன். படம் ஜம்மென்று வந்தது. சத்தம்? மூச்சு இல்லை. டார்ச் அடித்துப் பின்பக்கம் தேடினால், ஸ்பீக்கரே கிடையாது, ஹெட்போன் மாட்ட ஒரே ஒரு ஓட்டை. ஐந்து பேருக்கு ஒரு ஹெட்போனா? பரணில் கிடந்த பழைய ஸ்பீக்கரை இறக்கி மாட்டினேன். வசனத்துக்குப் பின்னால் மிக்சி ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். மறுநாளே புது ஸ்பீக்கருக்கு 2,800 ரூபாய் அழுதேன்.

அப்புறம் இந்த ரிமோட் விவகாரம். ஸ்டிக் ரிமோட்டில் வால்யூம் பட்டன் இருக்கிறது. அமுக்கினால் ஒன்றும் நடக்காது. டிவியாக இருந்தால் அகச்சிவப்புக் கதிரைப் பிடிக்க ஒரு கண் இருக்கும், அல்லது எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகவே சொன்னதைக் கேட்கும் சி.இ.சி. வசதி இருக்கும். என் மானிட்டரில் கண்ணும் இல்லை, காதும் இல்லை. சண்டைக் காட்சியில் அலறும்போது ஓடிப்போய்க் குறைக்கணும், அடுத்த காட்சியில் கதாநாயகி கிசுகிசுத்தால் ஓடிப்போய் ஏற்றணும். பிரகாசத்தைக் கூட்டவோ முதுகுக்குப் பின்னால் ஒரு குட்டிக் குச்சி. அதைத் தடவித் தடவி மெனுவுக்குள் போவதற்குள் படத்தில் பாதிப் பேர் செத்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு இதுவே பெரிய வேடிக்கை. "அப்பா, மறுபடி ஓடுங்க!"

சரி, படமாவது பெரிதாகத் தெரிகிறதா? 27 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் இருபத்து மூன்றரை இன்ச், உயரம் பதின்மூன்று. சினிமாஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, மிஞ்சுகிற உயரம் 10 இன்ச்சுக்கும் குறைவு. பள்ளிக்கூட ஸ்கேலை நிமிர்த்தி வைத்தால் படத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும்! மேஜையில் இரண்டடி தள்ளி உட்கார்ந்து எக்செல் பார்க்கிறவனுக்கு அது தாராளம். எட்டடி தள்ளி சோபாவில் இருக்கிற என் அம்மாவுக்கு? "ஏம்ப்பா, யாரு அது, வில்லனா அவங்கப்பாவா?" என்று படம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரிக் காட்சி வந்தால் இன்னும் கொடுமை. இது ஐ.பி.எஸ். என்கிற வகைப் பேனல். இந்த வகையில் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், பெரும்பாலும் ஆயிரத்துக்கு ஒன்றுதான். பல டிவிகளில் வருகிற வி.ஏ. என்கிற இன்னொரு வகைப் பேனலில் மூவாயிரம், அதற்கு மேலும் உண்டு. ஒரே பேனலாம், ஒரே பேனல்! ஹால் விளக்கை அணைத்தால் கறுப்பெல்லாம் சாம்பலாக வெளுத்து, மூலைகளில் யாரோ டார்ச் அடிக்கிற மாதிரி மினுக்குகிறது. பெட்டியில் பெருமையாக எச்.டி.ஆர். என்று போட்டிருக்கிறான், வெளிச்சமும் இருட்டும் நிறமும் இன்னும் எடுப்பாகத் தெரிய வைக்கிற வசதி. அதைப் போட்டுப் பார்த்தேன். நிறமெல்லாம் சாயம்போன லுங்கி மாதிரி ஆனதுதான் மிச்சம்.

கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் படம் விக்குகிறதே என்று கேட்டதற்கு மச்சினனே விளக்கமும் கொடுத்தான். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படம், நம் திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது. இரண்டரை மடங்கு சரியாகப் பங்கு போகாதாம், ஒரு ஃப்ரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை வருமாம். பல டிவிகள் இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடுமாம். இதை ஏண்டா வாங்குறதுக்கு முன்னாடி சொல்லலை?

ஹாஸ்டல் அறையில் ஒண்டிக்கட்டையாக, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்கிற பையனுக்கு மானிட்டர் தங்கம்தான். அதை நான் மறுக்கவில்லை. குடும்பம் உட்காருகிற ஹாலில் கொண்டுவந்து வைத்தேனே, என்னைச் சொல்லணும்.

மானிட்டர் 13,500, ஸ்டிக் 4,000, ஸ்பீக்கர், செட் டாப் பாக்ஸுக்கும் ஸ்டிக்குக்கும் மாற்றி மாற்றிக் கம்பி பிடுங்க முடியாமல் வாங்கிய ஸ்விட்ச் 900. கூட்டினால் 21,200. கொஞ்சம் தேடியிருந்தால் அந்தக் காசுக்கு 43 இன்ச் டிவியே வந்திருக்கும், படம் இரண்டரை மடங்கு பெரிசு. இதில் வயிற்றெரிச்சல் வேறு: 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. நான் வாங்கியது அதற்கும் பிறகு.

இப்போது அம்மா சீரியல் பார்க்கக் கீழ்வீட்டுக்குப் போகிறார்கள். மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் படம் பார்க்கிறாள். மச்சினன் வீட்டில் தீபாவளிக்கு 55 இன்ச் டிவி இறங்கியிருக்கிறது. "பசங்க கேட்டாங்க மாமா" என்கிறான்.

27 இன்ச் மானிட்டர், பெட்டியோடு, கீறல் இல்லாமல் இருக்கிறது. வேண்டியவர்கள் சொல்லுங்கள். ரிமோட் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.